விரிசல் விட்ட சிம்பல்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தைத் திருமணத் திருப்பலிகளில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அன்பைப் பற்றிய அந்தப் பகுதியின் வாசலிலேயே வெண்கலமும் தாளமும் வந்து நிற்கின்றன. அன்பு இல்லாதவனின் பேச்சுக்குப் பவுல் அவற்றை உவமை காட்டுகிறார். கொரிந்து வெண்கலத்துக்குப் பேர்போன ஊர். அந்த மக்களுக்கு உவமையை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஆனால் இதை வைத்துத் தாளம் என்றாலே வெற்றுச் சத்தம் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் குறிப்பேடு 15-ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பேழைக்கு முன்னால் வெண்கலத் தாளங்களை ஒலிக்கச் செய்த பாடகர்கள் மூவரின் பெயர் இருக்கிறது: ஏமான், ஆசாபு, ஏத்தான். திருப்பாடல் 150 இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதன் எபிரேய மூலத்தில் தாளத்துக்கு ஒரே பெயர், ஆனால் இரண்டு அடைமொழிகள். ஓசை வேறு வேறான இரண்டு வகைத் தாளங்களை இறைபுகழ்ச்சிக்கு அழைக்கிறது அந்தப் பாடல்.

இன்று உவமையை விட்டுவிட்டு, நம் கோவில்களில் டிரம்ஸ் ஸ்டாண்டில் தொங்கும் நிஜமான சிம்பலைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறோம். குறிப்பாக, பழையதாகி, விரிசல் விட்டு, காதைக் கிழிக்கும் சிம்பலைப் பற்றி.

எங்கள் பங்கில் பாடகர் குழுவிடம் 16 அங்குலச் சிம்பல் ஒன்று இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்தது. அதன் ஓரத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு விரிசல். அடித்தால் முதலில் ஒரு அறை, பிறகு ஒரு தகரச் சலசலப்பு. எங்கள் கோவிலோ கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, நான்கு பக்கமும் வழவழப்பான சுவர். சத்தம் அடங்க இடமே இல்லை. ‘வானவர் கீதம்’ தொடங்கியதும் டிரம்ஸ் மட்டும்தான் கேட்கிறது, பாட்டின் சொற்கள் கேட்பதில்லை என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு பாட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், காதுக் கருவி இரைகிறது என்று கெபிப் பக்கம் வெளியே போய் உட்கார ஆரம்பித்தார். பங்குப் பேரவையில் ஒரு தரப்பு, டிரம்ஸே வேண்டாம், ஆர்மோனியம் போதும் என்றது. இளையோர் தரப்பு, புதுச் சிம்பல் வாங்கித் தாருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றது. டிரம்ஸ் வாசிக்கும் பையன், பத்தாம் வகுப்புப் படிப்பவன், தன்னைத்தான் வெளியே போகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு வரவில்லை.

இது எங்கள் ஊரில் புதிதாக முளைத்த சண்டை இல்லை. திரு அவையே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22, பாடகர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் திருஇசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். அதில் பியானோவைக் கோவிலில் வாசிக்கக் கூடாது என்றார். முரசு, சிம்பல் போன்ற இரைச்சல் கருவிகளும் கூடாது என்று பெயர் சொல்லியே தடுத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டின் 120-ஆம் எண்ணில் கதவைத் திறந்தது. குழாய் ஆர்கனுக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டு, உரிய அதிகாரிகளின் இசைவோடு மற்றக் கருவிகளையும் ஏற்றுக்கொள்ளலாம் என்றது. ஆனால் நிபந்தனை உண்டு. கருவி வழிபாட்டுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும், அல்லது பொருந்தும்படி ஆக்கக் கூடியதாகவாவது இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் நாம் கவனிப்பதே இல்லை. 1967 மார்ச்சில் வந்த திருஇசை பற்றிய அறிவுரை ஏடு இன்னும் தெளிவு. இசைக்கருவி பாடுகிறவர்களுக்குத் தோள் கொடுக்கலாம். பாட்டின் சொல் விளங்காதபடி குரலை மூழ்கடிக்கக் கூடாது.

பொருந்தும்படி ஆக்குவது என்றால் சிம்பலில் என்ன செய்ய முடியும்? பட்டறை தெரிந்தவர்களுக்கு ஆவடியிலும் அம்பத்தூரிலும் பஞ்சம் இல்லை. டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் எங்கள் அன்பியத்தில் இருக்கிறார். ஒரு ஞாயிறு மாலை அந்தச் சிம்பலை எடுத்துக்கொண்டு, கோபித்திருந்த பையனையும் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் முதலில் கேட்ட கேள்வி: “இது பித்தளையா, வெண்கலமா தம்பி?”

கேட்க வேண்டிய கேள்விதான். மலிவான சிம்பல்கள் பித்தளைத் தகட்டில் வெட்டப்பட்டவை. செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. அது மஞ்சளாக இருக்கும், ஓசை குட்டையாக அறுந்துவிடும். நல்ல சிம்பல்கள் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். அதிலும் இரண்டு தரம் உண்டு. வெள்ளீயம் நூற்றுக்கு 8 பங்கு உள்ள தகட்டு வெண்கலம் ஒன்று. 20 பங்கு உள்ள மணி வெண்கலம் மற்றொன்று. கோவில் மணி வார்ப்பதும் ஏறத்தாழ இந்த இரண்டாவது கலவையில்தான். வெள்ளீயம் கூடக்கூட ஓசை நீளும், உலோகம் நொறுங்கும் தன்மையும் கூடும். அப்படி நொறுங்கக் கூடியதைத் தட்டித் தகடாக்குவது எப்படி என்பதுதான் இந்தத் தொழிலின் ரகசியம். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் விறைத்துப்போகும் என்று பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மணி வெண்கலம் அதற்கு நேர் எதிர். மெல்ல ஆறவிட்டால் நொறுங்கும்; சிவந்த சூட்டோடு தண்ணீரில் அமிழ்த்தினால் தாங்கும் பக்குவம் வரும்.

இதைத் தமிழ் மண் அறிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பழைய ஈமக்குழிகளிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன், கேரளத்தில் இதே முறையில் பாத்திரம் செய்யும் கைவினைஞர்களை நேரில் கண்டு ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் திருவிழாத் தேர்ப்பவனிக்கு வரும் செண்டை மேளக்காரர்கள் கையில் கனமான இலத்தாளம் பார்த்திருப்பீர்கள். அதுவும் மணி வெண்கலமே.

உலகத்தில் டிரம்ஸ் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஜில்ஜியான் என்ற பெயரும் இந்த ரகசியத்திலிருந்து வந்ததுதான். 1623-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பட்டறை தொடங்கிய ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடும்பம் அது. துருக்கியில் ‘ஜில்’ என்றால் தாளம், ‘ஜி’ என்பது அதைச் செய்பவர். ‘யான்’ என்பது ஆர்மீனிய மொழியில் மகன் என்று பொருள்படும் பின்னொட்டு. தாளம் செய்பவரின் மகன் என்பதே குடும்பப் பெயராகிவிட்டது. செவ்வாய்க்கிழமை தவறாமல் பாரிமுனை அந்தோணியார் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு ஆர்மீனியன் தெரு தெரியும். அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த, 1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனியர் ஆலயம் பக்கத்திலேயே இருக்கிறது. வியாபாரத்துக்கு நம் சென்னை வரை வந்த மக்கள் அவர்கள். அவர்களுடைய இனத்தார் கைவேலை நம் டிரம்ஸ் ஸ்டாண்டு வரை வந்திருக்கிறது என்று சொன்னபோது அந்தப் பையன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தோம்.

எங்கள் சிம்பல் தகட்டு வெண்கலம். அண்ணன் விரலால் சுண்டிப் பார்த்தே சொல்லிவிட்டார்.

பையன் அதற்குள் ஒரு யோசனையோடு வந்திருந்தான். விரிசலோடு ஓரத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் இன்னும் சிறிய சிம்பல் ஆகிவிடும், சின்னச் சிம்பல் சத்தம் குறைவாகத்தானே இருக்கும் என்றான். பலரும் செய்கிற வேலைதான். ஆனால் சிம்பல் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். அந்த மெல்லிய ஓரம்தான் குச்சி பட்டதும் சட்டென்று விரிந்து ஓசை தருகிறது. அதை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது தடித்த ஓரம். சுருதி மேலே ஏறும். மெல்ல அடித்தால் திறக்காது, திறக்க வைக்க ஓங்கி அடிக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறு. மேலும் வெட்டியதை ஒட்ட முடியாது. வெல்டிங் வைத்தால் அந்தச் சூடு உலோகத்தின் பக்குவத்தைக் கெடுத்துவிடும். பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். ஆகவே அண்ணன் ஒரு வரிசை சொன்னார். திரும்ப எடுக்கக் கூடியதை முதலில் செய்வோம். திரும்ப எடுக்க முடியாததைக் கடைசியில் வைப்போம்.

முதல் வேலை சிம்பலில் இல்லை, ஸ்டாண்டில். மேலே இருக்கும் பட்டாம்பூச்சி நட்டை முறுக்கி இறுக்கியிருந்தார்கள். நடுத்துளையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை எப்போதோ தொலைந்துபோய், இரும்புக் கம்பி வெண்கலத்தை அறுத்து, வட்டத் துளை சாவித்துளை மாதிரி ஆகியிருந்தது. இறுக்கிப் பிடித்த சிம்பல் அசைந்து கொடுக்காது. அடியின் வேகம் முழுவதும் ஓரத்தில் இறங்கும். பாதி விரிசல்கள் இப்படித்தான் வருகின்றன. மீன்தொட்டிக்குக் காற்று போகும் குழாயை ஓர் அங்குலம் வெட்டிக் கம்பியில் மாட்டினோம். மேலும் கீழும் கம்பளித் துணி வட்டங்கள். நட்டைத் தளர்த்தி, சிம்பலை வாசிப்பவன் பக்கம் கொஞ்சம் சாய்த்தோம். அவ்வளவுக்கே கூர்மை ஒரு பங்கு குறைந்தது. செலவு பத்து ரூபாய்கூட இல்லை.

அடுத்து டேப். எலக்ட்ரிக் வேலைக்குப் பயன்படும் கறுப்பு டேப்பை இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, சிம்பலின் அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒட்டினோம். ஒன்று, கேட்டோம், இரண்டு, கேட்டோம். டேப் முதலில் தின்பது அந்தக் கீச்சென்ற நீண்ட இழுப்பை. மூன்றாவது துண்டில் ஓசை செத்துப் போய்ச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆகிவிட்டது, அதை உரித்துவிட்டோம். பசை ஒட்டிக்கொண்டால் தேங்காய் எண்ணெய் போதும்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு சொல். மாதா திருவிழாவுக்கு முன் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது, பக்கத்தில் இருக்கும் சிம்பலையும் சேர்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிடுகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் வரிகளில் படிந்திருக்கும் பழைய அழுக்கும் களிம்பும் ஓசையின் கூர்மையைச் சற்றே மழுங்கடிக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் அழுக்கு நம் கட்சி.

இதற்குப் பிறகுதான் டிரில் வெளியே வந்தது. விரிசலை அப்படியே விட்டால் அது உள்ளே நடந்துகொண்டே இருக்கும். விரிசல் முடியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. கண்ணுக்குத் தெரியும் முனைக்கு அப்பாலும் மயிரிழை ஓடியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அதற்கும் சற்றுத் தள்ளி சென்டர் பஞ்ச் வைத்து, 3 மில்லிமீட்டர் துளை. கூரான முனையில் குவியும் விசை, வட்டமான துளையின் விளிம்பில் பரவிப் போய்விடுகிறது. விரிசல் அங்கே நின்றுவிடும். தொழிற்சாலையில் தகடு விரிசல் விட்டால் செய்யும் அதே வைத்தியம். பிறகு துளையிலிருந்து ஓரம் வரை விரிசலின் இரு பக்கத்தையும் அரத்தால் ராவி, பிறை போன்ற ஒரு வளைவாக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினோம். கூர் முனை எங்கேயும் மிஞ்சக் கூடாது.

வீட்டில் செய்ய நினைக்கும் தம்பிகள் கவனிக்க வேண்டும். வெண்கலமும் பித்தளையும் டிரில் முனையைக் கவ்விக்கொள்ளும், அதுவும் மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில். சிம்பலைக் கையால் பிடித்திருந்தால் அது சக்கரமாகச் சுழன்று விரலைச் சீவிவிடும். அடியில் மரக்கட்டை வைத்து, கிளாம்ப் போட்டு, மெதுவான வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இறக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம். கிரைண்டர் வைத்துத் தேய்ப்பவர்கள் ஈரத்துணியால் அடிக்கடி ஆற்ற வேண்டும். உலோகம் நிறம் மாறுகிற அளவுக்குச் சூடேறினால் அந்த இடம் கெட்டது.

விரிசல் நின்றது. சலசலப்பும் போயிற்று. ஆனால் பழைய ஓசை திரும்பி வரவில்லை. வரும் என்று அண்ணன் சொல்லவும் இல்லை. சுருதி கொஞ்சம் இறங்கி, ஓசை சீக்கிரம் அடங்கியது. கோவிலுக்கு அது நல்லதுதான். ஆனால் மெல்ல அடிக்கும்போது ஓசை வறண்டு தெரிந்தது. பையனே ஒரு வழி சொன்னான். கழுத்துச் சங்கிலி மாதிரி மணி மணியான மெல்லிய சங்கிலியை நட்டில் மாட்டிச் சிம்பல் மேல் தொங்கவிட்டால், லேசாகத் தொட்டாலே ‘ஸ்ஸ்’ என்று மழைத் தூறல் போல் ஓசை நீளும். செய்து பார்த்தோம். இரண்டு வாரம் அப்படியே வாசித்துப் பிடித்துப்போன பிறகுதான், சங்கிலிக்குப் பதிலாக ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி மூன்று துளை போட்டுப் பித்தளை ரிவிட் தொங்கவிட்டோம். ரிவிட்டைவிடத் துளை அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். இறுகினால் ஓசையை அடைக்கும். தளர்ந்து ஆடினால்தான் பேசும். ஓங்கி அடிக்க வேண்டிய தேவையே இப்போது இல்லை.

இதையெல்லாம் நாங்கள் தவக்காலத்தில் செய்தோம். அந்த நாள்களில் இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. டிரம்ஸ் எங்கள் கோவிலில் முழு ஓய்வு எடுக்கும். பழுது பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை.

சோதனையும் எளிது. ஒருவர் மூன்றாவது வரிசையில் மைக் இல்லாமல் பாட வேண்டும். இன்னொருவர் கடைசி வரிசையில் நின்று பாட்டின் சொற்களைத் தாளில் எழுத வேண்டும். டிரம்ஸ் வழக்கம்போல் வாசிக்க வேண்டும். விடுபட்ட சொற்களை எண்ணினால் போதும். காலியான கோவிலில் எதிரொலி அதிகம். மக்கள் நிறைந்தால் உடலும் உடுப்பும் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே காலிக் கோவிலில் தேறிய சிம்பல் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் தேறும். முதல் முறை எங்கள் தாளில் பாதிக்கு மேல் வெற்றிடம். ரிவிட் போட்ட பிறகு இரண்டே சொல் விடுபட்டது. அந்த இரண்டும் பாடியவரே விழுங்கியவை என்பது பையனின் கட்சி.

கெபிப் பக்கம் போய் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் பையனே போய்ச் சொன்னான்: “பாட்டி, இந்த வாரம் உள்ளே உக்காந்து பாருங்க. இரைஞ்சா எனக்குக் கை காட்டுங்க, நிறுத்திடறேன்.” பாட்டி உள்ளே வந்தார். காணிக்கைப் பாடலின்போது ஒருமுறை கை காட்டினார். அவனும் நிறுத்தினான். பாட்டுக்குப் பாட்டு டிரம்ஸ் வேண்டுமா என்று அவர் திருப்பலி முடிந்ததும் கேட்டதும் உண்மை. அந்தக் கேள்வி பங்குப் பேரவையில் இன்னும் முடியவில்லை.

பழைய சிம்பலைக் காயலான் கடையில் எடைக்குப் போட நினைக்கும் பாடகர் குழுக்கள், அதற்கு முன் அன்பியங்களில் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். லேத்தில் நின்றவர், ரிவிட் அடித்தவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர் யாராவது இருப்பார். வேலை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை அந்தப் பிறை வளைவில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் சிம்பலை உடனே ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட வேண்டும்.